தமிழில் ஒரு மண்டையோடு

எப்சம் பள்ளிகளில் படிக்கும் தம்பி, தங்கச்சிமார் சிலர் என்னிடம் கேட்பதுண்டு: "உயிரியல் பாடத்தில் வரும் எலும்புகளுக்கெல்லாம் தமிழில் பெயர் இருக்கா, அண்ணா?"

இருக்கிறது. அதற்குப் பழைய கதையும் உண்டு. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் நம்மவர்களுக்கு வைத்தியம் படிப்பித்தார். ஆங்கிலத்தில் படித்தவர்கள் அரசாங்க வேலைக்குப் போய்விட, ஊருக்கு வைத்தியர் தேவை என்று 1860களில் தமிழிலேயே படிப்பிக்கத் தொடங்கினார். 1858இல் லண்டனில் வெளிவந்த கிறேயின் உடற்கூற்று நூல், 1872இல் 'மனுஷ அங்காதிபாதம்' என்ற பெயரில் தமிழில் அச்சேறியது. நியூசிலாந்தின் முதல் மருத்துவப் பள்ளி டனீடினில் தொடங்கியதே 1875இல்தான்!

மண்டையோட்டில் 22 எலும்புகள். மூளையைச் சூழ்ந்து காப்பவை 8, முகத்தில் 14. தாராளமாக அசைவது கீழ்த்தாடை மட்டுமே. இன்றைய தமிழ்ப் பாடநூல்களில் நெற்றியில் இருப்பது நுதலென்பு. நுதல் என்றால் நெற்றி. பிடரிப் பக்கம் பிடரென்பு. பக்கங்களில் இரண்டு சுவரென்பு. ஆங்கிலத்தில் 'பரைட்டல்' என்கிறோமே, அதன் லத்தீன் வேரும் சுவர்தான்.

அடுத்த சோதனைக்குப் படிக்கும்போது, படத்தில் இந்தப் பெயர்களையும் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.