பொட்டி வந்த கதை

நமக்குப் பொட்டி தட்டுற வேலைங்க. மணவூர் ஸ்டேஷன்ல மெட்ராஸ் வண்டிக்காக நிக்கும்போது எப்பவாவது கண்டெய்னர் ரயில் தடதடன்னு கடந்து போகும். உடனே மனசுக்குள்ள கொசுவத்தி சுத்த ஆரம்பிச்சிடும்.

1956-ல மால்கம் மெக்லீன் அமெரிக்காவுல 58 பெட்டிகளை ஒரே கப்பல்ல ஏத்தி அனுப்பினார். 1983-ல நம்ம சென்னைத் துறைமுகத்துக்கும் கண்டெய்னர் முனையம் வந்தாச்சு. உள்ள துணியா, இயந்திரமான்னு கிரேனுக்குக் கவலையில்லை. பெட்டி அளவு ஒண்ணா இருந்தா போதும்.

மென்பொருளுக்கும் இதே யோசனைதான். 1979-ல யூனிக்ஸ்ல 'சேஞ்ச் ரூட்', 2000-ல ஃப்ரீபிஎஸ்டி 'ஜெயில்', 2008-ல லினக்ஸ் கண்டெய்னர். 2013-ல வந்த டாக்கர்தான் இதை எல்லாருக்கும் எளிதாக்குச்சு.

எங்க டீம்ல புதுசா சேர்ந்த பையன் முதல் வாரம் முழுக்க இன்ஸ்டால் பண்ணியே ஓய்ஞ்சுட்டான். "என் பொட்டியில ஓடுதே"ன்னு ஆளாளுக்குச் சொன்னோம். பாவம், தனக்குத்தான் வேலை தெரியலைன்னு நினைச்சுட்டான். நிஜத்துல அவன் பொட்டியில இருந்த டேட்டாபேஸ் வேற பதிப்பு!

அந்த உறுத்தல்ல ஒரு மாதிரி ப்ராஜெக்ட் செஞ்சேன். டேட்டாபேஸ், சர்வர், வெப் மூணும் தனித்தனி கண்டெய்னர். பதிப்பு எண் எல்லாம் ஃபைல்லயே இருக்கும். டாக்கர் காம்போஸ்ல ஒரே கட்டளை. மொபைல் மட்டும் முழுசா அடங்கலை. ஐபோன் செயலிக்கு மேக் பொட்டிதான் வேணும்.

அடுத்து சேர்ந்த பொண்ணு முதல் நாள் மத்தியானமே கோடு எழுத ஆரம்பிச்சிட்டாங்க. பையன் பார்த்துட்டு சிரிச்சான். எனக்குத்தான் கொஞ்சம் வெக்கமா இருந்துச்சு.