ஆலை மூடிய பின் வரும் வயது

2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை வந்தபோது வேலைக்குச் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் இளம்பெண்கள். அந்த வயதில் ஒழுங்கற்ற உதிரப்போக்குக்குக் காரணம் பெரும்பாலும் ஹார்மோன் கோளாறு, கர்ப்பச் சிக்கல், சிலருக்கு ரத்தம் உறைவதில் குறை. அப்படியிருக்க, கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பேச்சு எதற்கு என்று கேட்பது நியாயம்தான். ஆனால் 2014-இல் ஆலை மூடப்பட்டது. கருப்பைவாய்ச் சோதனை தொடங்க வேண்டிய முப்பது வயதை அந்தப் பெண்கள் எட்டியபோது அவர்களைக் கூப்பிட ஆலை மருந்தகம் இல்லை. பரிசோதனை ஊரைத் தேடிப் போயாக வேண்டும்.

அது முடியும் என்பதற்குத் திண்டுக்கல்லே சாட்சி. 2000-இல் அங்கே தொடங்கிய ஆய்வில் பயிற்சி பெற்ற செவிலியர்கள் 30 முதல் 59 வயதுப் பெண்களின் கருப்பைவாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவி, ஒரு நிமிடம் பொறுத்து, வெண்திட்டு தெரிகிறதா என்று பார்த்தார்கள். ஒரே ஒரு முறை சோதித்ததிலேயே கருப்பைவாய்ப் புற்றுநோய்ச் சாவு 35 சதவீதம் குறைந்ததை 2007-இல் வெளியான முடிவு காட்டியது. இந்தச் சோதனை மட்டும் போதாது என்பாருண்டு. உண்மைதான், இது அறிகுறி இல்லாதவர்களுக்கான சல்லடை. ஏற்கெனவே உதிரம் கசிபவருக்கு ஹீமோகுளோபின், ஸ்கேன், தேவையானால் திசுச் சோதனை வேண்டும். மாதவிடாய் நின்றபின் ஒரு துளி பட்டாலும் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து அனுப்பிவிடக் கூடாது.