விலாச நூலில் இடம்பெறாத சிறுவன்

புகழ்பெற்றோர் பிறந்து வளர்ந்த இல்லத்தைத் தேடிச் சென்று காண்பது எல்லா நாட்டாரிடமும் உள்ள வழக்கம். உலகத்தைச் சிரிக்கவைத்த சார்லி சாப்ளின் சிறுவனாய் இருந்தபொழுது எந்தத் தெருவில், எந்த எண்ணுள்ள வீட்டில் வாழ்ந்தார் என்பதை லண்டன் மாநகரின் பழைய விலாச நூல்களைக் கொண்டு அறியலாம் என்று எண்ணி நானும் ஒருகால் அத்தேடலில் இறங்கினேன். அத்தேடல் எனக்குக் கற்பித்த பாடத்தையே இன்று கூற விரும்புகிறேன்.

விலாச நூல் என்பதுதான் யாது? 1800-ஆம் ஆண்டில் தபால் நிலைய அலுவலர் சிலர் தொடங்கி, பின்னர்க் கெல்லி என்னும் குடும்பத்தார் ஆண்டுதோறும் பதிப்பித்த பெருநூல் அது. தெருப் பெயர்களை அகர வரிசையில் அமைத்து, ஒவ்வொரு தெருவிலும் வீட்டு எண்ணையும் அதற்கு நேரே ஒரு பெயரையும் தரும். இடையே எந்தக் குறுக்குத் தெரு வந்து சேருகிறது என்பதையும் சொல்லும். தெருப் பெயரும் வீட்டு எண்ணும் காலத்துக்குக் காலம் மாற்றப்பட்டதால், அடுத்தடுத்த ஆண்டுகளின் நூல்களை ஒப்பிட்டுப் பார்த்தே பழைய வீட்டை இன்றைய வீட்டோடு பொருத்த முடியும். பொறுமை உடையவர்க்கு இது சுவையான வேலை.

ஆனால் அந்த ஒரு பெயர் யாருடையது? வீட்டுத் தலைவருடையது, அல்லது அங்கே கடையோ தொழிலோ நடத்துபவருடையது. மாடியறையில் வார வாடகைக்கு இருந்து, வாடகை தவறினால் மூட்டையைக் கட்டிக்கொண்டு வெளியேறும் ஏழைத் தாய்க்கும் அவள் மக்களுக்கும் அந்நூலில் இடமில்லை.

சாப்ளின் அத்தகைய தாயின் மகன். 1889-இல் வால்வொர்த்துப் பகுதியில் பிறந்ததாக அவர் தம் சுயசரிதையில் எழுதியுள்ளார். தாய் ஹன்னாவும் தந்தையும் இசையரங்கப் பாடகர்கள். தந்தை பிரிந்துவிட, தாய் நோயுற்றாள். மெத்லி தெருவில் குடியிருந்ததை நினைவுகூரும் சாப்ளின், அருகில் இருந்த ஊறுகாய்த் தொழிற்சாலையையும் ஆடறுக்கும் கொட்டிலையும் குறிப்பிடுகிறார். தொழிற்சாலை உரிமையாளரின் பெயரை விலாச நூல் மறவாது அச்சிடும். அதன் நெடியை நாள்தோறும் முகர்ந்த சிறுவனின் பெயரை அச்சிடாது.

அப்படியானால் அவன் பெயர் எங்கே இருக்கிறது? வறியோரை அடைக்கும் விடுதியின் பதிவேட்டில் இருக்கிறது. 1896-இல், ஏழு வயதில், அவன் தாயோடும் தமையன் சிட்னியோடும் வறியோர் விடுதியில் சேர்க்கப்பட்டான். அங்கிருந்து ஹன்வெல் நகரில் ஏழைப் பிள்ளைகளுக்கான பள்ளிக்கு அனுப்பப்பெற்று, 1898 ஜனவரி வரை அங்கே இருந்தான். 1901 மார்ச்சு 31 அன்று எடுத்த குடிக்கணக்கிலும் அவன் இருக்கிறான். தான் ஆடிய நடனக் குழுவின் தலைவர் வீட்டில் தங்கியிருப்பவனாக. வீட்டில் உள்ளோர் அனைவரையும் எண்ணுவதே குடிக்கணக்கின் முறையன்றோ!

ஏழையின் பெயர் ஏட்டில் ஏறாமற்போவது சிறிய குறையென்று எண்ணலாகாது. 1952-இல் அமெரிக்க அரசு சாப்ளினைச் சந்தேகித்து அவர் பிறப்பைப் பற்றி வினவியது. ஆங்கில உளவுத்துறை தேடிப் பார்த்தும் பிறப்புப் பதிவு கிடைக்கவில்லை. 2012-இல் வெளியான கோப்புகள் இச்செய்தியைத் தெரிவிக்கின்றன. பெற்றோரின் வறுமையோ கவனக்குறைவோ விட்டுவிட்ட ஓர் இடைவெளி, அறுபத்து மூன்று ஆண்டுகளுக்குப்பின் ஒரு மனிதரைப்பற்றிய ஐயத்துக்குத் துணையாயிற்று.

இன்று மெத்லி தெருவின் 39-ஆம் எண் வீட்டுச் சுவரில் அவர் பெயர் பொறித்த பலகை இருக்கிறது. லாம்பெத் விடுதியின் எஞ்சிய கட்டடம் ஒன்றில் 1998 முதல் திரைப்பட அருங்காட்சியகம் நடைபெற்றுவருகிறது. விலாச நூலை நான் குறைகூறவில்லை. கதவுக்கு உரியவர் யார் என்பதை அது செவ்வனே சொல்கிறது. கதவுக்கு உள்ளே யார் பசித்திருந்தார் என்பதை அறிய விரும்புவோர் மட்டும் வேறு ஏடுகளைத் திறக்கவேண்டும். பழைய நூல் ஒன்றில் ஒருவர் பெயர் இல்லையென்றால், அவர் அங்கே வாழவில்லை என்று முடிவு கட்டிவிடலாகாது.