ஐயத்தின் வழியே உறுதி: ஜான் பனியன் முதல் எச். ஏ. கிருஷ்ண பிள்ளை வரை

முன்னுரை

தமிழ் அகப்பொருள் இலக்கணம் காட்சி, ஐயம், துணிவு, குறிப்பறிவு என்னும் நான்கு நிலைகளை வரிசைப்படுத்துகிறது. தலைவியை முதன்முதல் கண்ட தலைவன், இவள் தெய்வ மகளோ மானிட மகளோ என ஐயுறுகிறான். அவள் சூடிய மாலை வாடுவதையும் கண்கள் இமைப்பதையும் கண்டபின் மானிட மகளே எனத் துணிகிறான். இவ்வரிசையில் ஐயம் அன்பின் குறைபாடாகக் கருதப்படவில்லை. காட்சிக்கும் துணிவுக்கும் இடையே அமைந்த படியாகவே கொள்ளப்படுகிறது. திருக்குறளின் 'மெய்யுணர்தல்' அதிகாரம், ஐயத்தினின்று நீங்கித் தெளிந்தவர்க்கு வானுலகம் இவ்வுலகினும் அண்மையது என்கிறது. தெளிந்தவர் என்பார் முன்னர் ஐயுற்றவர் என்பது அக்கூற்றினுள் அடங்கிய பொருளாகும்.

எனினும், சமய நம்பிக்கை பற்றிய பேச்சில் ஐயத்திற்கு இத்தகைய இடம் தரப்படுவது அரிது. ஐயமின்மையே உறுதி என்னும் எண்ணம் பரவலாக உள்ளது. கிறித்தவப் பக்தி இலக்கியத்தில் தலைசிறந்ததாகப் போற்றப்படும் ஒரு நூல் இவ்வெண்ணத்தை மறுக்கிறது. அது ஜான் பனியன் இயற்றிய 'பில்கிரிம்ஸ் பிராகிரஸ்' ஆகும். தமிழில் 'இரட்சணிய யாத்திரிகம்' தோன்றக் காரணமாக இருந்ததும் அந்நூலே. பனியனின் வாழ்விலும் நூலிலும் ஐயம் பெறும் இடத்தையும், அது கிருஷ்ண பிள்ளையின் வாழ்வோடு பொருந்துமாற்றையும் இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

பனியனின் ஐயங்கள்

ஜான் பனியன் 1628ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பெட்ஃபோர்டு நகருக்கு அருகிலுள்ள எல்ஸ்டோ என்னும் சிற்றூரில் பிறந்தவர். பாத்திரங்களுக்கு ஈயம் பற்றவைத்துப் பழுது பார்ப்பது அவரது குலத்தொழில். உயர்கல்வி பெறாதவர். அரசு ஏற்புப் பெற்ற திருச்சபைக்கு வெளியே நின்று சமயவுரை ஆற்றியமைக்காக 1660இல் கைது செய்யப்பட்டார். இனிப் பிரசங்கிப்பதில்லை என வாக்களித்திருந்தால் அவர் விடுதலை பெற்றிருக்கலாம். அவ்வாறு வாக்களிக்க மறுத்து 1672 வரை சிறையில் இருந்தார். இத்துணை உறுதி படைத்தவர் ஐயமே அறியாதவராக இருந்திருப்பார் என எவரும் எண்ணக்கூடும். அவர் சிறையிலிருந்தபோது 1666இல் வெளிவந்த 'கிரேஸ் அபவுண்டிங்' என்னும் தன்வரலாறு வேறொரு மனிதரை நமக்குக் காட்டுகிறது.

தமக்கு உண்மையிலேயே நம்பிக்கை உண்டா என்பதே அவரது தொடக்க கால ஐயங்களுள் ஒன்று. எல்ஸ்டோவிலிருந்து பெட்ஃபோர்டுக்குச் செல்லும் வழியில், சாலையின் குதிரைத் தடங்களில் தேங்கிய நீரை வற்றச் சொல்லித் தம் நம்பிக்கையைச் சோதித்துப் பார்க்க ஒருநாள் நினைத்தார். சொல்லியும் நீர் வற்றாவிடின் தாம் கைவிடப்பட்டவர் என்பது உறுதியாகிவிடுமே என அஞ்சி அச்சோதனையைக் கைவிட்டார். இந்நிகழ்ச்சி நகைப்புக்குரியதாகத் தோன்றலாம். ஆயினும் சான்று தேடும் உள்ளமும் சான்றுக்கு அஞ்சும் உள்ளமும் ஒன்றே என்பதை அது துல்லியமாகப் புலப்படுத்துகிறது.

பின்னர் எழுந்த ஐயம் இதனினும் ஆழமானது. யூதரும் இசுலாமியரும் பிற சமயத்தாரும் தத்தம் சமயமே மெய்யென நம்புகின்றனர்; எனில் நம் நம்பிக்கையும் வெறும் எண்ணமாகவே இருந்துவிட்டால் என்ன செய்வது? 17ஆம் நூற்றாண்டின் சிற்றூர்த் தொழிலாளி ஒருவர் கேட்ட இக்கேள்வி, பல சமயத்தார் கூடி வாழும் நம்மைப் போன்ற சமுதாயத்தினர்க்கு அன்றாடக் கேள்வி. பனியன் இதற்குத் தருக்க முறையில் விடை கண்டதாகக் கூறவில்லை. அக்கேள்வியோடு நெடுங்காலம் போராடியதையும், விவிலிய வாசகங்கள் ஒருநாள் தேற்றியதையும் மறுநாள் அச்சுறுத்தியதையும் மறைக்காமல் எழுதுகிறார்.

அந்நூலின் முடிவுரை நம் கருத்துக்கு இன்றியமையாத சான்றாகும். தாம் சந்தித்த சோதனைகளுள் கடவுளின் இருப்பையும் நற்செய்தியின் உண்மையையும் ஐயுற்றதே மிகக் கொடியது என அதில் பனியன் ஒப்புக்கொள்கிறார். அதனை எழுதும் நாளிலும் தம் உள்ளத்தில் எஞ்சியுள்ள ஏழு குறைகளைப் பட்டியலிடும்போது, அவநம்பிக்கையின்பால் சாயும் இயல்பையே முதலாவதாக வைக்கிறார். அக்குறைகளும் கடவுளின் ஞானத்தால் தமக்கு நன்மையாகவே அமைகின்றன என்கிறார்; அவை தம் உள்ளத்தையே நம்பியிராதபடி தம்மைத் தடுக்கின்றன, இறைவனை நோக்க வைக்கின்றன என்பது அவர் கருத்து. ஐயம் முற்றிலும் ஒழிந்தபின் நம்பிக்கை பிறந்தது என அவர் கூறவில்லை. ஐயத்தோடு கூடியே நம்பிக்கை வேரூன்றியது என்பதே அவர் தரும் வாக்குமூலம்.

சேறும் கோட்டையும்

1678இல் வெளிவந்த 'பில்கிரிம்ஸ் பிராகிரஸ்' இவ்வனுபவத்தை உருவகக் கதையாக்குகிறது. அழிவின் நகரத்தினின்று விண்ணகரம் நோக்கிப் புறப்படும் கிறிஸ்தியான் என்னும் பயணி, வழியின் தொடக்கத்திலேயே மனச்சோர்வுச் சேற்றில் விழுகிறான். தன் பாவநிலையை உணர்ந்த ஒருவனிடம் எழும் அச்சங்களும் ஐயங்களும் வடிந்து தேங்கும் இடம் அச்சேறு. ஆயிரத்து அறுநூறு ஆண்டுகளுக்கும் மேலாக அரசனின் ஆட்கள் இருபதாயிரம் வண்டிச் சுமைக்குக் குறையாத நல்ல அறிவுரைகளை அதில் கொட்டியும் அந்நிலம் சீர்ப்படவில்லை எனக் கதை கூறுகிறது. அறிவுரையால் ஐயத்தைத் தூர்த்துவிட இயலாது என்பதே இதன் உட்பொருள். ஆசிரியப் பணியில் உள்ள நாம் இதனை எண்ணிப் பார்த்தல் தகும். கேள்வி கேட்கும் மாணவன்முன் அறிவுரைகளைக் குவிப்பதால் அவனது சேறு வற்றுவதில்லை. ஆனால் சேற்றின் நடுவே கால் வைக்க உறுதியான படிகள் உள்ளன எனவும் பனியன் சொல்கிறார். அவற்றைக் காட்டுவதே கற்பிப்போர் செய்யக்கூடிய பணியாகும்.

கதையின் பிற்பகுதியில் ஐயம் இன்னும் கடுமையான வடிவம் கொள்கிறது. எளிய வழியென எண்ணிப் பக்கத்துப் புல்வெளிப் பாதையில் இறங்கிய கிறிஸ்தியானும் அவன் தோழன் நம்பிக்கையும் ஐயக் கோட்டையின் எல்லைக்குள் நுழைந்துவிடுகின்றனர். அக்கோட்டைக்கு உரியவன் மனமுறிவு என்னும் அரக்கன். புதன்கிழமை காலை முதல் சனிக்கிழமை இரவு வரை உணவும் ஒளியும் இன்றி அவர்கள் நிலவறையில் கிடக்கின்றனர். உயிரை மாய்த்துக்கொள்ளுமாறு அரக்கன் தூண்டுகிறான். கிறிஸ்தியான் அதற்கு இணங்கும் நிலையை எட்டும்போது தோழன் அவனைத் தடுத்து நிறுத்துகிறான். இறுதியில், வாக்குறுதி என்னும் சாவி தன் மார்பிலேயே இருந்ததைக் கிறிஸ்தியான் நினைவுகூர்கிறான், கதவுகள் திறக்கின்றன.

இங்கு இரண்டு செய்திகள் கருதத்தக்கன. முதலாவது, சாவி வெளியிலிருந்து வரவில்லை. ஐயத்தில் அகப்பட்டவனிடமே அது இருந்தது. இரண்டாவது, அவன் தனித்திருந்தால் அச்சாவியை நினைக்கும் வரை உயிரோடு இருந்திருக்கமாட்டான். ஐயம் தன்னளவில் உறுதியைத் தந்துவிடுவதில்லை. அதனைக் கடக்கத் துணை வேண்டும். ஐயத்தின் கொடுமையைப் பனியன் குறைத்துக் காட்டவில்லை என்பதும் இப்பகுதியால் விளங்கும்.

ஐயுறாதவனின் முடிவு

இக்கதையில் ஐயமே இல்லாத பாத்திரம் ஒன்றும் உண்டு. அவன் பெயர் அறியாமை. தன் நல்வாழ்வில் நிறைவு கொண்டவன். தன் உள்ளம் நல்லது எனத் தன் உள்ளமே கூறுகிறது என்பவன். எதையும் ஆராய வேண்டும் என்னும் எண்ணம் அற்றவன். கதை முடிவில் மரணத்தைக் குறிக்கும் ஆற்றைக் கடக்கையில், கிறிஸ்தியான் ஆழத்தில் அமிழ்ந்து கலங்குகிறான். இத்தனை தொலைவு வந்தபின்னும் ஐயம் அவனை விடவில்லை. தோழன் அவன் தலையைத் தாங்கிப் பிடிக்க, இருவரும் கரை சேர்கின்றனர். அறியாமையோ வீண் நம்பிக்கை என்னும் ஓடக்காரனின் படகில் வருத்தமின்றி ஆற்றைக் கடக்கிறான். ஆயினும் விண்ணகர வாயிலில் காட்ட வேண்டிய சான்று அவனிடம் இல்லை, அவன் வெளியேற்றப்படுகிறான். கலங்கியவன் உள்ளே செல்கிறான். கலங்காதவன் புறத்தே நிற்கிறான். பனியன் இக்கதையை இவ்வாறு முடித்திருப்பது தற்செயல் அன்று. ஆராயப்படாத நம்பிக்கை அறியாமையின் மறுபெயர் என்பதே அவர் முடிபு.

கிருஷ்ண பிள்ளையும் ஐயமும்

எச். ஏ. கிருஷ்ண பிள்ளை (1827–1900) நெல்லைப் பகுதியில் வைணவ வேளாளர் குடும்பத்தில் பிறந்து, கம்பராமாயணத்தில் தோய்ந்தவர். சாயர்புரம் கிறித்தவக் கல்வி நிலையத்தில் தமிழாசிரியராகப் பணியேற்றபோது அவர் கிறித்தவர் அல்லர். ஆண்டுகள் சில கற்றும் வினவியும் 1858இல் சென்னையில் திருமுழுக்குப் பெற்றார். பனியனின் நூலைத் தழுவிய 'இரட்சணிய யாத்திரிகம்' 1894இல் வெளிவந்தது.

பனியன் எழுப்பிய கேள்வியை இங்கு மீண்டும் நினைவுகூர வேண்டும். பிற சமயத்தாரும் தம் சமயமே மெய்யென்கின்றனரே என்பது அவருக்கு ஓர் எண்ணச் சோதனை. கிருஷ்ண பிள்ளைக்கோ அது வாழ்க்கை. அவர் அக்கேள்வியின் மறுகரையில் பிறந்தவர்; பெற்றோர் வழிவந்த பக்தியை எடை போட்டுப் பார்க்க நேர்ந்தவர். அவர் 1898இல் வெளியிட்ட உரைநடை நூலுக்கு 'இரட்சணிய சமய நிருணயம்' எனப் பெயரிட்டமை கருதத்தக்கது. நிருணயம் என்பது ஆராய்ந்து முடிவு காண்பதாகும். ஐயுறாதவனுக்கு அது தேவையில்லை.

ஆராய்ந்து தெளிந்தமையால் அவர் தம் பழைய மரபைத் துறந்துவிடவுமில்லை. கம்பனின் விருத்தமும் பக்திப் பாடல்களின் உருக்கமும் அவர் காப்பியத்தில் கிறிஸ்துவைப் பாடப் பயன்பட்டன. பனியன் சுருக்கமாகக் கடந்து செல்லும் சிலுவைக் காட்சியை, அவர் குமார பருவத்தில் கிறிஸ்துவின் பாடுகளாக விரித்துப் பாடினார். தெளிவுக்கு வந்த வழியை மறவாதவரின் செயல் அது எனலாம்.

முடிவுரை

பனியனின் நூல்கள் ஐயத்தைப் புகழவில்லை. அதனைச் சேறாகவும் சிறையாகவும் ஆழ்ந்த ஆறாகவுமே காட்டுகின்றன. ஆனால் அச்சேறும் சிறையும் ஆறும் வழிப்போக்கனுக்கே நேர்கின்றன. ஊரைவிட்டுப் புறப்படாதவன் அவற்றைக் காண்பதில்லை. இரட்சணிய யாத்திரிகத்தைப் பயிற்றுவிக்கும்போது அதன் யாப்பையும் அணியையும் விளக்குவதோடு, அதன் பின்னணியில் நிற்கும் இவ்விரு மனிதரின் வினாக்களையும் மாணவர்முன் வைப்பது பயன் தரும். நம்பிக்கையுடையார் ஐயுறுவதில்லை என எண்ணிக் கேள்வியை விழுங்கும் இளைஞன், காட்சிக்கும் துணிவுக்கும் இடையே ஐயத்தை வைத்த நம் இலக்கணத்தையும், ஐயத்தோடு கரை சேர்ந்த கிறிஸ்தியானையும் ஒருங்கே அறிவானாயின், தன் கேள்வியைக் கண்டு வெட்கப்படான்.