‘வேட்டை ரைபிள் விற்பனைக்கு’: ஒரு விற்பனைச் சீட்டுக்கு விளக்கவுரை

புதுச்சேரியில் பழைய வீடு கைமாறும்போதும், பெரியவர் காலமாகிச் சொத்து பிரியும்போதும் பீரோவுக்குப் பின்னாலிருந்து ஒரு துப்பாக்கி வெளியே வருவதுண்டு. பிள்ளைகளில் யாருக்கும் அது வேண்டியிருக்காது. விற்றுவிடலாம் என்று பேச்சு எழும். வாங்க நினைப்பவருக்கோ அதற்கு என்ன விலை கொடுக்கலாம் என்று தெரியாது. ஊரில் பத்துப் பேர் வாங்கி விற்கும் பொருளாக இருந்தால் விசாரித்துத் தெரிந்துகொள்ளலாம். துப்பாக்கிக்கு அப்படியொரு சந்தை இல்லை. அதனால் விற்பவர் சொல்லும் சொற்களை வைத்துத்தான் பலரும் விலையை எடைபோடுகிறார்கள்.

அந்தச் சொற்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்பதே இந்த உரையின் வேலை. கீழே உள்ள சீட்டு, இத்தகைய பேச்சில் வழக்கமாக வரும் வாசகங்களைச் சேர்த்து இந்த உரைக்காகவே எழுதியது. எந்தத் தனி மனிதரின் துப்பாக்கியையும் அது குறிக்கவில்லை.

மூலம்

“வேட்டை ரைபிள் விற்பனைக்கு. .315, இஷாப்பூர் தயாரிப்பு. தாத்தா காலத்துத் துப்பாக்கி. அதிகம் சுடாதது. குழல் கண்ணாடி மாதிரி இருக்கும். புதுசாக பாலிஷ் போட்டிருக்கிறது. லைசென்ஸ் உண்டு. இதே வெளிநாட்டுச் சரக்கு என்றால் பல லட்சம். நியாயமான விலை, நேரில் பேசலாம்.”

உரை

“வேட்டை ரைபிள்”

இந்த முதல் சொல்லுக்கு ஒரு ரூபாய்கூடக் கூட்டிக் கொடுக்க வேண்டியதில்லை. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது, சில விலங்குகளை லைசென்ஸ் பெற்று வேட்டையாட வழி இருந்தது. 1991இல் வந்த திருத்தம் அந்த வழியையும் அடைத்துவிட்டது. ஊருக்கு மேற்கே உள்ள ஊசுட்டேரி 2008 முதல் பறவைகள் சரணாலயம். அங்கே இறங்கும் வாத்தை நோக்கி இன்று துப்பாக்கியைத் தூக்கினால் சிறைதான். கேரளத்தில் 2022 முதல் பயிரை அழிக்கும் காட்டுப்பன்றியைச் சுட உள்ளாட்சித் தலைவர்கள் உத்தரவிடலாம், லைசென்ஸ் உள்ளவர்களைக் கொண்டு அதை நிறைவேற்றலாம் என்று ஏற்பாடு செய்திருக்கிறார்கள். அது அதிகாரிகளின் மேற்பார்வையில் நடக்கும் வேலை, யாருடைய பொழுதுபோக்கும் அன்று.

அப்படியானால் இந்த ரைபிள் எதற்கு உதவும்? குறிபார்த்துச் சுடும் பயிற்சிக்கு, பயிர்க் காவலுக்கு, தற்காப்புக்கு என்று சொல்வார்கள். கடைசியாகச் சொன்னதைப் புதுச்சேரி நகரத்தில் வைத்து யோசித்துப் பாருங்கள். சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். ரைபிள் தோட்டாவோ ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலும் ஆளைக் கொல்லும். நகரத்தில் வீட்டுக் காவலுக்கு இது ஏற்ற ஆயுதமே இல்லை. பயன் சுருங்கிய பொருளை வாங்க வருபவர்களும் குறைவு. விலை பேசும்போது இது வாங்குபவர் பக்கம் நிற்கும் முதல் நியாயம்.

“.315, இஷாப்பூர் தயாரிப்பு”

சீட்டில் உண்மையிலேயே பயனுள்ள செய்தி இது. மேற்கு வங்கத்தின் இஷாப்பூரில் உள்ள அரசு ரைபிள் தொழிற்சாலை செய்தது. ராணுவமும் போலீசும் வைத்திருந்த .303 ரைபிளின் அதே லீ-என்ஃபீல்டு அமைப்பு. தோட்டா மட்டும் வேறு. .303 தோட்டா பொதுமக்கள் கைக்குப் போகக் கூடாது என்பதால், பழைய ஆஸ்திரிய மான்லிக்கர் தோட்டாவை ஒட்டிய 8 மில்லிமீட்டர் அளவை வெள்ளைக்காரர் காலத்திலேயே தேர்ந்தெடுத்தார்கள். இன்றும் .303 தடைசெய்யப்பட்ட ரகம். .315 சாதாரண லைசென்ஸில் வைத்துக்கொள்ளக்கூடியது. சீட்டில் .303 என்று இருந்திருந்தால் அங்கேயே மடித்து வைத்துவிடலாம்.

இஷாப்பூர் என்ற சொல் இன்னொன்றையும் தருகிறது, அதுதான் விலையின் உச்சவரம்பு. படைக்கலத் தொழிற்சாலைகளை 2021 அக்டோபரில் ஏழு நிறுவனங்களாகப் பிரித்தபோது, இஷாப்பூர் கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட அட்வான்ஸ்டு வெப்பன்ஸ் நிறுவனத்தின் கீழ் வந்தது. இதே ரகத்துக்குப் புது ரைபிள் விலை என்று ஒன்று இருக்கிறது. லைசென்ஸ் பெற்ற டீலரிடம் வரி உட்பட அந்த விலையைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பழையதற்கு அந்தத் தொகையைத் தாண்டி ஒரு பைசாவும் நியாயமாகாது. அதே டீலரிடம் .315 தோட்டா கையிருப்பு உண்டா என்றும் கேளுங்கள். லைசென்ஸில் குறித்த அளவுக்குத்தான் தோட்டா வாங்க முடியும், அந்த அளவுகூடக் கிடைக்காவிட்டால் ரைபிள் வெறும் கம்பிதான்.

“தாத்தா காலத்துத் துப்பாக்கி”

விற்பவர் மனத்தில் இந்தச் சொல்லுக்குப் பெரிய மதிப்பு இருக்கும். அந்தப் பாசத்தை மதிக்க வேண்டும், ஆனால் அதற்கு வாங்குபவர் காசு கொடுக்க வேண்டியதில்லை. ஆயிரக்கணக்கில் செய்த தொழிற்சாலை ரைபிளுக்கு வயது மட்டும் விலையை ஏற்றாது.

புதுச்சேரியில் இந்தச் சொல்லுக்குக் கூடுதலாக ஒரு கேள்வி உண்டு. தாத்தா எந்த ஆட்சிக் காலத்தில் வாங்கினார்? 1954 நவம்பர் 1 அன்று நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது, 1962 ஆகஸ்ட் 16 அன்று சட்டப்படியான இணைப்பு முடிந்தது. 1954க்கு முந்தையது என்றால், துப்பாக்கியும் பெரும்பாலும் பிரெஞ்சுச் சரக்காகத்தான் இருக்கும். குறிப்பாக சேன்த்-எத்தியென் நகரத்து மானுஃப்ரான்ஸ் நிறுவனத்தின் இரட்டைக்குழல் துப்பாக்கிகள். 1885இல் தொடங்கி, அட்டவணைப் புத்தகம் அனுப்பித் தபாலிலேயே விற்ற நிறுவனம் அது. அத்தகைய துப்பாக்கி வந்தால் இரண்டு அளவுகளைப் பாருங்கள். ஒன்று, 12 போரா, 16 போரா என்பது. பிரான்சில் 16 மிகவும் புழக்கத்தில் இருந்தது, இங்கே அதற்குத் தோட்டா தேடி அலைய வேண்டும். மற்றொன்று, தோட்டா அறையின் நீளம். பழைய பிரெஞ்சு அறைகள் 65 மில்லிமீட்டர். 70 மில்லிமீட்டர் தோட்டாவும் அதில் நுழைந்துவிடும், ஆனால் வெடிக்கும்போது தோட்டா வாயின் மடிப்பு விரிய இடமில்லாமல் அழுத்தம் தாறுமாறாக ஏறும். குழல் வெடித்தால் போவது சுடுபவரின் கைவிரல்.

விற்கத்தான் வேண்டுமா என்று குடும்பமும் ஒருமுறை யோசிக்கலாம். 2016 ஆயுத விதிகளின்படி, லைசென்ஸ்காரர் இறந்த பிறகு மட்டுமன்றி, அவருக்கு 70 வயதானாலோ அந்தத் துப்பாக்கியை 25 ஆண்டுகள் வைத்திருந்தாலோ சட்டப்படியான வாரிசு தன் பெயருக்கு லைசென்ஸ் கேட்க முடியும். பெரியவர் இருக்கும்போதே இதைச் செய்தால், பிற்பாடு அவசரப்பட்டு அடிமாட்டு விலைக்குத் தள்ள வேண்டிய நிலை வராது.

“அதிகம் சுடாதது”

நல்ல செய்திபோலத் தோன்றும். ஆனால் நம் நாட்டில் சுட்டுச் சுட்டுத் தேய்ந்த ரைபிள் அபூர்வம். கெட்டுப்போனவை பெரும்பாலும் சும்மா கிடந்தே கெட்டவை. பழைய தோட்டாக்களின் பற்றவைக்கும் மருந்தில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. சுட்ட பிறகு அது குழலுக்குள் உப்பாகப் படியும், உப்பு ஈரத்தை இழுக்கும். வெந்நீர் விட்டுக் கழுவி எண்ணெய் போடாமல் ஒரு வாரம் விட்டாலே துரு தொடங்கிவிடும். புதுச்சேரியில் கடற்காற்றும் சேர்ந்துகொள்கிறது. இரண்டு தோட்டா மட்டும் சுட்டுவிட்டு இருபது வருடம் உறையில் போட்டு வைத்த ரைபிளைவிட, மாதம் பத்து சுட்டு அன்றன்றே துடைத்து வைத்த ரைபிள் எவ்வளவோ மேல்.

தேர்தல் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள். புதுவையில் சட்டமன்றத்துக்கும் மக்களவைக்கும் வேறு வேறு ஆண்டுகளில் தேர்தல் வருவதால் இது அடிக்கடி நடக்கும். ஒப்படைக்கும் முன் எண்ணெய் போட்டீர்களா, திரும்பி வந்ததும் கழற்றித் துடைத்தீர்களா என்று கேளுங்கள். பராமரித்தவர் உடனே விவரம் சொல்வார்.

“குழல் கண்ணாடி மாதிரி இருக்கும்”

எண்ணெய் பூசினால் எந்தக் குழலும் மின்னும். எண்ணெயைத் துடைத்த பிறகு தெரிவதைத்தான் நம்ப வேண்டும்.

லைசென்ஸ்காரர் பக்கத்தில் இருக்கும்போது, பகல் வெளிச்சத்தில் பாருங்கள். முதலில் மேகசினைக் கழற்றுங்கள். போல்ட்டைப் பின்னுக்கு இழுத்து, அறை காலியா என்று கண்ணாலும் பாருங்கள், சுண்டுவிரலை விட்டும் தடவுங்கள். பிறகு போல்ட்டை வெளியே எடுத்துவிட்டு, கோலில் உலர்ந்த துணியைச் சுற்றிக் குழலுக்குள் விட்டு எடுங்கள். துணியில் செம்பழுப்பு நிறம் வந்தால் துரு. இப்போது பின்பக்கத்திலிருந்து வானத்தை நோக்கிப் பாருங்கள். சுருண்டோடும் வரிகளின் விளிம்பு கூர்மையாகத் தெரிய வேண்டும். அங்கங்கே கரும்புள்ளிகள் இருந்தால் துரு தின்ற குழிகள் அவை. பள்ளங்களில் லேசாக இருந்தால் விலையைக் குறைத்து வாங்கலாம். வரியின் விளிம்பையே தின்றிருந்தால் தோட்டா குறியில் போகாது. வளையம்போல ஒரு நிழல் முழு வட்டமாக விழுந்தால், அந்த இடத்தில் குழல் உப்பியிருக்கிறது, அடைப்போடு யாரோ சுட்டிருக்கிறார்கள். அதற்கு விலை பேசவே வேண்டாம். கடைசியாகக் குழலின் வாய் விளிம்பைப் பாருங்கள். தோட்டா கடைசியாகத் தொட்டுப் போகும் இடம் அது. அங்கே ஒரு பக்கம் நசுங்கியிருந்தாலும் குறி விலகும்.

கண்ணுக்குத் தெரியாத துரு மரத்துக்கு அடியில் இருக்கும். முன்கட்டையைத் துப்பாக்கி மெக்கானிக்கை வைத்துக் கழற்றச் சொல்லுங்கள். மழைக்காலத்து ஈரம் மரத்துக்கும் இரும்புக்கும் நடுவில் தங்கி, வெளியே அழகாக இருக்கும் குழலைக் கீழிருந்து அரித்திருக்கும். கட்டை இரும்போடு சேரும் பின்முனையில் வெடிப்பு இருக்கிறதா என்பதும் அப்போது தெரிந்துவிடும்.

“புதுசாக பாலிஷ் போட்டிருக்கிறது”

இந்த வரியைப் படித்ததும் இன்னும் கவனமாகப் பாருங்கள். கட்டைக்குப் போட்ட வார்னிஷ் வெடிப்பை மறைத்திருக்கலாம், அது சிறிய விஷயம். இரும்பைத் தேய்த்து மறுபடி கருப்பு ஏற்றியிருந்தால், அச்சடித்த எழுத்தும் எண்ணும் மங்கியிருக்கலாம். அது பெரிய விஷயம். 1959 ஆயுதச் சட்டத்தின் 8ஆம் பிரிவு, செய்தவர் பெயரோ எண்ணோ அடையாளமோ இல்லாத துப்பாக்கியை விற்கவும் கைமாற்றவும் தடை செய்கிறது. எண் அழிந்த துப்பாக்கி யார் கையில் இருக்கிறதோ, அவரே அழித்ததாகத்தான் சட்டம் முதலில் எடுத்துக்கொள்ளும். தான் அழிக்கவில்லை என்று நிரூபிக்கும் பாரமும் அவருடையதே. நல்லெண்ணத்தில் வாங்கியவரும் நீதிமன்றத்தில் நிற்க நேரும்.

ஆகவே உடலில் உள்ள எண்ணையும் போல்ட்டில் உள்ள எண்ணையும் ஒப்பிடுங்கள். இரண்டும் லைசென்ஸில் எழுதிய எண்ணோடு எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். போல்ட் எண் வேறு என்றால், வேறொரு ரைபிளின் போல்ட் இதில் ஏறியிருக்கிறது. தோட்டாவுக்குப் பின்னால் இருக்க வேண்டிய இடைவெளி மாறியிருக்கலாம். மெக்கானிக் அளவுகோல் வைத்துப் பார்த்துச் சரி என்று சொல்லும்வரை அதில் தோட்டா ஏற்றக் கூடாது.

“லைசென்ஸ் உண்டு”

யாருடைய லைசென்ஸ்? விற்பவருடையது. அது துப்பாக்கியோடு சேர்ந்து வராது. வாங்குபவரிடம் அந்த ரகத்துக்கான சொந்த லைசென்ஸ், யூ.ஐ.என். என்ற தனி அடையாள எண்ணோடு, காலாவதியாகாமல் இருக்க வேண்டும். ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்க முடியாது. முன்பு மூன்று வரை இருந்தது. லைசென்ஸின் ஆயுள் மூன்றிலிருந்து ஐந்து ஆண்டாகியிருக்கிறது.

தனிநபர் தன் துப்பாக்கியை இன்னொருவருக்கு விற்பதாக இருந்தால், வாங்குபவரின் பெயரும் முகவரியும் எழுதி மாவட்ட ஆட்சியருக்கோ அருகிலுள்ள காவல் நிலைய அதிகாரிக்கோ முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். தெரிவித்து 45 நாள் கழியும் முன் துப்பாக்கி கைமாறக் கூடாது. ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவு சொல்வது இது. “பணத்தைக் கொடுத்து எடுத்துக்கொண்டு போங்கள், பேப்பர் அப்புறம் பார்க்கலாம்” என்று சொல்லும் துப்பாக்கி இலவசமாகக் கிடைத்தாலும் விலை அதிகம். முன்பணம் கொடுத்தால், அனுமதி கிடைக்காவிட்டால் திருப்பித் தர வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

“இதே வெளிநாட்டுச் சரக்கு என்றால் பல லட்சம்”

உண்மைதான், ஆனால் இந்த ரைபிளுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 1980களின் நடுவில் தனிநபர்கள் துப்பாக்கி இறக்குமதி செய்வதற்கு வாசல் ஏறக்குறைய மூடப்பட்டது. அதற்கு முன் வந்த ஆங்கில, ஜெர்மன், செக் துப்பாக்கிகள் எண்ணிக்கையில் கூடவே முடியாது என்பதால் விலை ஏறிக்கொண்டே போயிற்று. அங்கே கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி மூடிய வாசலுக்கானது. இஷாப்பூர் ரைபிளுக்கு அந்த வாசல் மூடியதே இல்லை. இந்த ஒப்பீட்டைக் காட்டி விலையை ஏற்றினால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

“நியாயமான விலை, நேரில் பேசலாம்”

இனி கணக்குப் போடலாம். டீலர் சொன்ன புது விலையை மேலே எழுதுங்கள். குழலில் கண்ட குழிகளுக்கும், கட்டையில் கண்ட வெடிப்புக்கும், மெக்கானிக் கூலிக்கும் கழியுங்கள். கைமாற்றக் காத்திருக்கும் காலத்துக்கும் அலைச்சலுக்கும் கழியுங்கள். இதே துப்பாக்கியை டீலரிடம் விற்றால் அவர் என்ன கொடுப்பார் என்று கேளுங்கள். அதுதான் அடிவிலை. அந்த இரண்டு எண்களுக்கு நடுவே, துப்பாக்கியின் நிலை எவ்வளவு நல்லதோ அந்த அளவுக்கு மேலே ஏறிப் பேசுவதே நியாயம். உப்பிய குழலுக்கும், பொருந்தாத எண்ணுக்கும், இல்லாத காகிதத்துக்கும் இந்தக் கணக்கு கிடையாது. அவற்றுக்கு எந்த விலையும் நியாயமில்லை.

சீட்டில் இருக்கும் சொற்களில் வேட்டையும், தாத்தாவும், பாலிஷும், வெளிநாடும் விலையை ஏற்றவே எழுதப்பட்டவை. விலையைத் தீர்மானிப்பது துடைத்த குழல், பொருந்தும் எண், முறையான காகிதம் ஆகிய மூன்றும்தான். நேர்மையாக விற்பவருக்கு இந்தச் சோதனை எதுவும் இடைஞ்சலாக இராது, அவரே முன்வந்து கட்டையைக் கழற்றிக் காட்டுவார், லைசென்ஸ் புத்தகத்தைக் கையில் தருவார். அப்படிக் காட்டுபவர் கேட்கும் விலை கணக்கில் வந்ததைவிடச் சற்றே கூடுதலாக இருந்தாலும் கொடுத்து வாங்கலாம்.