உறிஞ்சுக் கட்டும் உரைகல்லும்

புண்ணைத் துணியால் மூடுவது தொன்றுதொட்ட வழக்கம். 1997 இல் அமெரிக்காவின் வட கரோலினாவில் மோரிக்வாஸ், அர்ஜென்டா என்னும் இருவர் வேறொரு வழியை வெளியிட்டனர். திறந்த புண்ணில் நுரைப்பஞ்சை வைத்துக் காற்றுப் புகாவண்ணம் மூடி, உள்ளிருந்த காற்றழுத்தத்தை 125 மில்லிமீட்டர் பாதரச அளவு குறைத்தனர். பன்றிகளின் புண்ணில் புதுத்தசை விரைந்து வளர்ந்தது. நாளடைவில், தையலிட்ட அறுவைக் காயங்களுக்கும் இக்கட்டு பரவிற்று.

ஆங்கும் அது பயன் தருமா? பிரிட்டனின் 24 மருத்துவமனைகளில், விபத்தில் கால் முறிந்து அறுவை செய்யப்பெற்ற 1548 பேரைக் குலுக்கல் முறையில் இரு கூறாக்கிச் சோதித்தனர். 2020 இல் முடிவு வெளிவந்தது. 30 நாளுக்குள் ஆழ்ந்த சீழ்த்தொற்றுக் கண்டவர் புதுக்கட்டில் நூற்றுக்கு 5.84, வழக்கமான கட்டில் 6.68. இச்சிறு வேறுபாடு தற்செயலாகவும் நேரக்கூடியதே.

ஒரு புண்ணில் கண்ட பயனை எல்லாக் காயத்துக்கும் உரியதெனக் கொள்ளலாகாது. விலை மிகுந்த புதுமையும் உரைகல்லில் உரைக்கப்படல் வேண்டும். பிழையின் சுமை நோயாளியின் தலையில் அன்றோ விழுகிறது!