நிலவொளியில் ஒரு சோதனை

கல்லூரி ஆய்வுக்கூடத்தில் நிறமாலைமானியின் முன் அமர்ந்து சோடியம் விளக்கின் மஞ்சள் கோடுகளை அளந்தவர்களுக்கு அது எவ்வளவு சலிப்பூட்டும் வேலை என்பது தெரியும். “இதனால் என்ன சார் பயன்?” என்று மாணவர்கள் கேட்கும்போதெல்லாம் சூசன் சாலமன் என்ற அம்மையாரைப் பற்றிச் சொல்வது என் வழக்கம். வாசகர்களுக்கும் அதைச் சொல்கிறேன்.

1956-இல் சிகாகோவில் பிறந்த இவர், 1981-இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். பிறகு கொலராடோ மாநிலத்துப் போல்டர் நகரில், அமெரிக்க அரசின் ஆய்வுக்கூடத்தில் வளிமண்டல வேதியியல் ஆராய்ச்சியில் ஈடுபட்டார். கணிப்பொறியும் சமன்பாடுகளுமே இவருடைய கருவிகள்.

1985 மே மாதம் ஓர் அதிர்ச்சிச் செய்தி வந்தது. அண்டார்டிகாவின் ஹாலி விரிகுடாவில் பல ஆண்டுகளாக ஓசோனை அளந்துவந்த பிரிட்டிஷ் விஞ்ஞானிகள், ஒவ்வோர் இளவேனிலிலும் அங்கே ஓசோன் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடுவதாக அறிவித்தார்கள். புற ஊதாக் கதிர்களிலிருந்து நம்மைக் காக்கும் வாயு அது என்பது நீங்கள் அறிந்ததே. குளிர்பதனப் பெட்டிகளில் பயன்பட்ட குளோரோபுளோரோகார்பன்கள் வெளிவிடும் குளோரின் ஓசோனை அழிக்கும் என்று மொலினாவும் ரோலண்டும் 1974-லேயே எச்சரித்திருந்தனர். ஆனால் அந்த இழப்பு சிறுகச் சிறுகத்தான் நேரும் என்று கணக்கிடப்பட்டிருந்தது. அப்படியானால் தென் துருவத்தில் மட்டும் ஏன் இவ்வளவு? சூரியனின் சீற்றத்தால் பெருகிய நைட்ரஜன் ஆக்சைடுகளே காரணம் என்றார்கள் சிலர். காற்றோட்டம் என்றார்கள் வேறு சிலர்.

சூசனும் அவருடைய கூட்டாளிகளும் 1986-இல் வேறொரு விடை சொன்னார்கள். குளோரினில் பெரும்பகுதி வேறு சேர்மங்களுக்குள் சாதுவாக அடங்கிக் கிடக்கிறது. துருவக் குளிர்காலத்தில் வெப்பநிலை சுமார் மைனஸ் 80 டிகிரி செல்சியசுக்கு இறங்க, வானத்தின் உயரத்தில் பனிமேகங்கள் உண்டாகின்றன. அவற்றின் துகள்களின் மேற்பரப்பில் அச்சேர்மங்கள் வினைபுரிந்து குளோரினை விடுவிக்கின்றன. பிறகு வெயில் பட்டதும் ஓசோன் அழிவு தொடங்கிவிடுகிறது.

இதற்குச் சாட்சி வேண்டுமே! அதே ஆண்டு ஆகஸ்டில், 30 வயதில், அண்டார்டிகாவின் மக்மர்டோ நிலையத்துக்குச் சென்ற ஆய்வுக் குழுவுக்கு சூசன் தலைமை தாங்கினார். தேட வேண்டிய பொருள் குளோரின் டை ஆக்சைடு. பகல் வெளிச்சத்தில் அது விரைவில் சிதைந்துவிடும். இரவிலோ அளப்பதற்கு ஒளி இல்லை. ஆகவே நிலவொளியை நிறமாலைமானிக்குள் செலுத்தினார்கள். உறைய வைக்கும் குளிரில் கூரை மேல் ஏறிக் கண்ணாடிகளைத் திருப்பி நிறுத்துவது விளையாட்டு அல்ல. நிறமாலையின் ஊதா-நீலப் பகுதியில் அந்த வாயு உட்கவர்ந்த இருண்ட பட்டைகள் தெரிந்தன. அதன் அளவு பழைய கணக்கைப் போல் நூறு மடங்கு! நைட்ரஜன் டை ஆக்சைடோ மிகக் குறைவு. சூரியனைக் குற்றம் சாட்டியவர்களின் வாதம் அங்கேயே விழுந்தது.

மறு ஆண்டு விமானங்களில் செய்த அளவீடுகளும் குளோரினையே காட்டின. 1987 செப்டம்பரில் மான்ட்ரீல் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 1995-இல் நோபல் பரிசு மொலினாவுக்கும் ரோலண்டுக்கும் குருட்சனுக்கும் கிடைத்தது. சூசனுக்கும் அதில் இடம் இருந்திருக்கலாம் என்பது என் எண்ணம்.

அவர் ஓய்ந்துவிடவில்லை. 2000-க்குப் பிறகு செப்டம்பர் மாத ஓசோன் துளை 40 லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேல் சுருங்கியிருப்பதை 2016-இல் அவருடைய குழு வெளியிட்டது. 2015-இல் மட்டும் துளை ஏன் பெருத்தது என்பதற்கும் அவர்களே விடை கண்டார்கள்: அவ்வாண்டு சிலி நாட்டில் கால்புகோ எரிமலை வெடித்து, அதன் நுண்துகள்கள் வானத்தில் பரவியிருந்தன.